ஒண்ட வந்த பிடாரி

ஃபில் பால் சொன்ன ஜோசியம் அட்சரம் பிசகாமல் பலித்தது. 1926-க்குள் நம் கிரவுண்டில் உலகத் தொடர் நடக்கும் என்று அவர் சொன்னதாகக் கதை. நடந்தது. ஆடப்போவது தன்னுடைய டீம் இல்லை என்பதுதான் மனுஷருக்குத் தெரியாமல் போயிற்று.

பால், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர். ஐஸ் ஃபாக்டரி கட்டிக் காசு பார்த்தவர். காசு மிஞ்சினால் பெரிய மனுஷர்களுக்கு ஒரு வியாதி வரும். அது அவருக்கும் வந்து, பிரவுன்ஸ் என்ற பேஸ்பால் டீமை வாங்கினார். அந்த டீமின் வீடு ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க் என்ற மைதானம். ஐந்து லட்சம் டாலர் செலவழித்து, பதினெட்டாயிரம் பேர் உட்காரும் அந்த இடத்தை முப்பதாயிரத்துக்கு மேல் பெருக்கினார். உலகத் தொடர் வந்து நிற்கும்போது, இடமில்லை என்று யாரும் திரும்பிப் போகக்கூடாதல்லவா? வேலை முடிந்த ஜோரில், 1926 அக்டோபரில், அதே மைதானத்துக்கு உலகத் தொடர் வந்தது. நியூயார்க் யாங்கீஸை ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்து, ஊரைத் தெருவில் ஆடவிட்ட டீமின் பெயர் கார்டினல்ஸ். அவர்கள் பாலிடம் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்பார்களே, அதை மிசௌரி மாநிலத்தில் முப்பது வருஷம் சாவகாசமாக, ரசிகர்களின் வயிற்றெரிச்சல் அடங்கவே விடாமல் நடத்திக் காட்டினார்கள்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. அந்தக் காலத்தில் இரண்டு லீக். லீகுக்கு எட்டு டீம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் முடிய ஆளுக்கு 154 ஆட்டம். இரண்டு லீகிலும் முதலிடம் பிடித்தவர்கள் அக்டோபரில் மோதுவதற்குப் பெயர் உலகத் தொடர். அமெரிக்கர்களின் உலகம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நாம் கேட்க வேண்டாம். செயின்ட் லூயிஸில் லீகுக்கு ஒன்றாக இரண்டு டீம் இருந்தது. பிரவுன்ஸ் அமெரிக்கன் லீக், கார்டினல்ஸ் நேஷனல் லீக். ஒருவர் ஊரில் இருக்கும்போது மற்றவர் வெளியூர் போய்விடுவார். ஒரே கட்டிலில் பகல் ஷிஃப்ட்காரரும் ராத்திரி ஷிஃப்ட்காரரும் மாறி மாறிப் படுக்கிற மேன்ஷன் வாழ்க்கைதான்.

கட்டில் பிரவுன்ஸுடையது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுன்ஸ் 1902-ல் செயின்ட் லூயிஸுக்கு வந்த டீம். வந்த வருஷமே இரண்டாமிடம். ரசிகர்கள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் 42 வருஷம் எழுந்திருக்கவில்லை.

நேர்மையாகத் தோற்றதோடு விட்டிருந்தாலும் மரியாதை மிஞ்சியிருக்கும். 1910-ல் திருட்டுத்தனத்திலும் கை வைத்தார்கள். அந்த வருஷம் அதிக சராசரி எடுக்கும் பேட்ஸ்மேனுக்கு ஒரு கார் தருவதாக சால்மர்ஸ் கம்பெனி அறிவித்திருந்தது. போட்டி டெட்ராய்ட்டின் டை காபுக்கும் கிளீவ்லாண்டின் நாப் லாஜோய்க்கும். காப் மகா ஆட்டக்காரர்; மகா முசுடு. அவருக்குக் கார் கிடைப்பதைக் காணப் பல பேருக்கு மனசு வரவில்லை. சீசனின் கடைசி நாள் லாஜோய் ஆடியது பிரவுன்ஸுக்கு எதிராக. பிரவுன்ஸ் மேனேஜர் ஜாக் ஓகானர், மூன்றாவது பேஸில் நின்ற ரெட் காரிடன் என்ற புதுப் பையனை, ரொம்பப் பின்னால் போய் நில்லு என்று புல்வெளி ஓரத்துக்கே தள்ளிவிட்டார். லாஜோய் பந்தைப் பொத்தினாற்போலத் தட்டிவிட்டு ஓடினார். மறுபடி தட்டினார், மறுபடி ஓடினார். இரண்டு ஆட்டத்தில் எட்டு ஹிட். போதாததற்கு, இன்னொன்றையும் ஹிட் என்று எழுதினால் ஒரு சூட் தைத்துத் தருகிறோம் என்று ஸ்கோர் எழுதுபவருக்குச் சீட்டு போயிற்று. விஷயம் நாறியது. ஓகானருக்கு வேலை போனது. கார் கம்பெனி நமக்கேன் வம்பு என்று இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்துவிட்டது. பிரவுன்ஸுக்கு அந்த வருஷம் கிடைத்தது 107 தோல்வி. திருடினாலும் அடுத்த வீட்டுக்காரனுக்காகத் திருடுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

அவர்களிடம் ஒரு புத்திசாலி இருந்தார். பிராஞ்ச் ரிக்கி. குடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வர மாட்டார், பேச ஆரம்பித்தால் பிரசங்கம். ஐஸ்கார பாலுக்கு இந்தச் சாமியார் ஒத்துவரவில்லை. 1917-ல் ரிக்கி கார்டினல்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்தார். கார்டினல்ஸ் அப்போது ஓட்டாண்டி. இற்றுப்போன ஒரு மர மைதானம்தான் அவர்கள் சொத்து. 1920-ல், அதை ஏன் கட்டி அழவேண்டும், நம்மிடம் வாடகைக்கு வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார் பால். அங்கேதான் சனி பிடித்தது. கார்டினல்ஸ் பழைய மைதானத்தை விற்றார்கள். அந்தக் காசில் ரிக்கி சின்ன ஊர் டீம்களை வாங்கிப் போட்டு, சல்லிசாகப் பையன்களைப் பிடித்து, நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடுவதுபோல் மேலே கொண்டுவந்தார். பேஸ்பால் உலகமே பிறகு காப்பியடித்த ஏற்பாடு அது. அதற்கு முதல் போட்டவர் ஒரு வகையில் நம் ஐஸ்காரர்தான்.

இத்தனைக்கும் 1922 என்று ஒரு வருஷம் இருந்தது. பழைய பிரவுன்ஸ் ரசிகரிடம் அந்த எண்ணைச் சொன்னால் கண் கலங்கிவிடும். ஜார்ஜ் சிஸ்லர் அந்த வருஷம் .420 அடித்தார். அதாவது நூறு தடவை மட்டை பிடித்தால் நாற்பத்திரண்டு முறை ஹிட். முப்பது வந்தாலே தோளில் தூக்கிச் சுமக்கும் விளையாட்டு இது. கென் வில்லியம்ஸ் 39 ஹோம் ரன் அடித்து லீகிலேயே முதலாவதாக நின்றார். ஏழு லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். செப்டம்பரில் யாங்கீஸ் ஊருக்கு வந்தபோது பிரவுன்ஸ் அவர்கள் குதிகாலை மிதித்துக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டத்தில், யாங்கீஸின் வைட்டி விட் பந்தைப் பிடிக்க ஓடும்போது நெற்றியில் சோடா பாட்டில் பட்டு விழுந்தார். ரசிகர் கூட்டத்திலிருந்து பறந்து வந்தது என்றார்கள். லீக் தலைமை விசாரணை வைத்தது. கண்டுபிடித்த உண்மை: பாட்டில் ஏற்கெனவே தரையில் கிடந்தது, விட் அதை மிதித்தார், அது எம்பி அவர் நெற்றியிலேயே அடித்துவிட்டது. இப்படி ஒரு பாட்டில் இருந்தால் அதையும் பிரவுன்ஸ் டீமில் சேர்த்திருக்கலாம். குறி தப்பாமல் அடிக்கிறதே. இரண்டு நாள் கழித்து, தலையில் கட்டோடு வந்து நின்ற அதே விட், கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹிட்டில் யாங்கீஸ் ஜெயித்தது. சீசன் முடிவில் பிரவுன்ஸ் முதலிடத்தைத் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் சிஸ்லருக்கு சைனஸ் முற்றிக் கண் நரம்பைத் தாக்கி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. 1923 முழுக்க அவர் ஆடவே இல்லை. லீகிலேயே நல்ல கண்ணைத் தேடிப்பிடித்துக் கெடுத்திருக்கிறது விதி. இதன் பிறகும் கோயிலுக்குப் போன பிரவுன்ஸ் ரசிகர்களின் பக்தியை மெச்ச வேண்டும்.

அப்புறம் 1926 ஜோசியம், அதைத்தான் பார்த்தோமே. 1931, 1934 என்று குடித்தனக்காரர் வருஷம் பார்த்துக் கோப்பை வாங்கினார். தெருப் பையன்களை இலவசமாக உள்ளே விட்டு, பத்து வயசிலேயே கார்டினல்ஸ் பைத்தியமாக்கி அனுப்பினார். ரேடியோவில் தெற்கத்தி மாநிலங்கள் பூராவும் கார்டினல்ஸ் பேச்சு. வீட்டுக்காரரின் நிலைமை? 1935 சீசன் முழுவதற்கும் பிரவுன்ஸ் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் 80,922 பேர். தவறாகப் படிக்கவில்லை, ஒரு சீசன் முழுவதற்கும்தான். ஆட்டத்துக்கு ஆயிரம் சொச்சம். பால் இடித்துப் பெருக்கிக் கட்டிய முப்பதாயிரம் நாற்காலியில் மிச்சத்தில் எல்லாம் புறா. ஆனால் பால் இதைப் பார்க்கவில்லை. 1933-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

1939-ல் 43 வெற்றி, 111 தோல்வி. செயின்ட் லூயிஸ் செருப்புத் தொழிலுக்கும் பீருக்கும் பேர்போன ஊர். ஷூவில் முதலிடம், சாராயத்தில் முதலிடம், அமெரிக்கன் லீகில் கடைசி இடம் என்று ஊரார் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டலடித்துக்கொண்டார்கள். இன்னொரு ஜோக், தோற்கிற டீம் எல்லாவற்றின் முதுகிலும் ஒட்டப்பட்டது, பிரவுன்ஸுக்கு மட்டும் தைத்தது போலப் பொருந்தும். ரசிகர் போன் செய்கிறார்: “இன்னிக்கு மேட்ச் எத்தனை மணிக்கு சார்?” அந்தப் பக்கத்திலிருந்து பதில்: “நீங்க எத்தனை மணிக்கு வர முடியும்?”

இந்த நேரத்தில்தான் புது முதலாளி டொனால்ட் பார்ன்ஸுக்கு ஒரு யோசனை உதித்தது. லாஸ் ஏஞ்சலீஸ்! சினிமாக்காரர்கள், வெயில், ஜனக்கூட்டம், பெரிய லீக் டீம் ஒன்றுகூட இல்லாத ஊர். கார்டினல்ஸ்காரர்களும், போகிற செலவுக்கு நாங்களே பணம் தருகிறோம், புண்ணியமாகப் போகும் என்றார்கள். மற்ற முதலாளிகள் கூடி ஓட்டுப் போட நாள் குறித்தாயிற்று: 1941 டிசம்பர் 8, திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை ஜப்பான் விமானங்கள் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டன. பிரவுன்ஸைச் செயின்ட் லூயிஸிலேயே நிறுத்திவைக்க ஒரு பேரரசே கிளம்பி வர வேண்டியிருந்தது.

அந்த யுத்தம்தான் அவர்களுக்கு வாழ்வும் கொடுத்தது. ஓடியாடக்கூடிய ஆட்டக்காரர்களை எல்லாம் ராணுவம் அள்ளிக்கொண்டு போக, எல்லா டீமும் பிரவுன்ஸ் மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஆவதில் பிரவுன்ஸுக்கு நாற்பது வருஷ அனுபவம். 1944-ல் முதல் ஒன்பது ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார்கள். கடைசி நாள் யாங்கீஸை வென்றால் முதலிடம் என்ற நிலைமை. பந்து வீச வேண்டியவர் சிக் ஜகூக்கி. 1936-க்குப் பிறகு பெரிய லீக் பக்கமே வராமல், டெக்சாஸில் உள்ளூர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர். பாட்டிலோடு நல்ல பழக்கம். ராத்திரி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தாராம். காலையில் வந்தபோது வாடை. கேட்டதற்கு, ராத்திரியைப் பற்றித்தானே சத்தியம், காலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றாராம். சட்டப்படி சரிதான். மைதானம் நிரம்பி வழிய, யுத்தத் தளவாட ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே ஆட வந்த செட் லாப்ஸ் இரண்டு ஹோம் ரன் அடிக்க, ஜகூக்கி ஜெயித்துக் கொடுத்தார். 42 வருஷம் கழித்து முதலிடம்!

உலகத் தொடரில் எதிரி யார் என்கிறீர்கள்? குடித்தனக்காரர்தான். ஆறு ஆட்டமும் ஒரே மைதானத்தில். இதில் ஒரு உப கதை. பிரவுன்ஸ் மேனேஜர் லூக் சூவலும் கார்டினல்ஸ் மேனேஜர் பில்லி சவுத்வொர்த்தும் யுத்தகால வீட்டுப் பஞ்சத்தில் ஒரே ஃபிளாட்டைப் பங்கு போட்டிருந்தார்கள். ஒருவர் இருக்கும்போது மற்றவர் வெளியூரில் இருப்பார் என்பதால் சிக்கல் இல்லை. இப்போது இரண்டு பேரும் ஊரில்! ஒருவர் அவசரமாக வேறு ஜாகை பார்க்க வேண்டியதாயிற்று.

முதல் ஆட்டத்தில் பிரவுன்ஸ் எடுத்தது மொத்தமே இரண்டு ஹிட். அதை வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டார்கள். மூன்று ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு ஒன்று என்று முன்னணி வேறு. பிறகு தங்கள் நிஜ சொரூபம் ஞாபகம் வந்து, தொடர் முழுவதிலுமாகப் பந்தைப் பத்து முறை கோட்டைவிட்டார்கள். எதிரணி கோட்டைவிட்டது ஒரே முறை. கோப்பை கார்டினல்ஸுக்கு. வீட்டுக்காரரின் வாழ்நாள் கொண்டாட்டத்துக்கு வந்து, கல்யாணச் சாப்பாட்டையும் குடித்தனக்காரரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்.

யுத்தம் முடிந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் மற்ற டீம்களுக்குத் திரும்பினார்கள். பிரவுன்ஸும் தன் பழைய இடத்துக்கே திரும்பியது.

1947-ல் நடந்த ஒன்று மட்டும் சிரிக்கிற விஷயமில்லை. ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் பெரிய லீகுக்குள் வந்து நிறத் தடையை உடைத்த வருஷம். கூட்டம் வரும் என்ற கணக்கில், பிரவுன்ஸ் ஜூலையில் வில்லர்ட் பிரவுன், ஹாங்க் தாம்சன் என்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. ஆகஸ்டில் வில்லர்ட் பிரவுன், ஜெஃப் ஹீத் வேண்டாமென்று போட்ட மட்டையை எடுத்துக்கொண்டுபோய் ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீகில் கறுப்பினத்தவர் அடித்த முதல் ஹோம் ரன். திரும்பி வருவதற்குள் ஹீத் அந்த மட்டையைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். கூட்டம் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றதும் ஒரு மாசம் சொச்சத்தில் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். வில்லர்ட் பிரவுன் பிறகு, 2006-ல், பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அனுப்பியவர்களின் பெயரை யாரும் தேடுவதில்லை.

அதே வருஷம் ரேடியோவில் பிரவுன்ஸ் ஆட்டத்துக்கு வர்ணனை சொன்னவர் டிஸ்ஸி டீன். பழைய கார்டினல்ஸ் பந்துவீச்சுப் புலி. வாய்த் துடுக்கு. இந்த டீமில் பத்துக்கு ஒன்பது பேரை விட நானே இப்போதும் நன்றாக வீசுவேன் என்று தினம் தினம் ரேடியோவில் நக்கல். முதலாளிகளே வீட்டுச் செலவில் வைத்த கொள்ளி. வீரர்களின் மனைவிமார் சண்டைக்கு வந்தார்கள். சரி, வந்து வீசிக் காட்டு என்று ஒரு டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டது நிர்வாகம். சீசனின் கடைசி நாள், ஆறு வருஷமாகப் பெரிய லீகில் பந்தைத் தொடாத, தொப்பை விழுந்த 37 வயசுக்காரர் மேடேறினார். நாலு இன்னிங்ஸ் வீசினார். ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை! மட்டை பிடித்து ஒரு ஹிட்டும் அடித்தார். ஓடும்போது காலில் சுளுக்கு. கேலரியிலிருந்து அவர் சம்சாரம் சத்தம் போட்டாராம்: நிரூபிச்சாச்சு இல்லையா, செத்துத் தொலையறதுக்குள்ள அந்த மனுஷனை வெளியே இழுங்க! டீன் வெளியே வந்தார். மிச்சப் பேர் உள்ளே போய்த் தோற்றார்கள். ரேடியோக்காரர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி என்று ஊர் முன்னால் நிரூபணமான பிறகு, அடுத்த சீசன் டிக்கெட்டை எந்த முகத்தோடு விற்பது?

1950-ல் மனோதத்துவ வைத்தியர் ஒருவரை அமர்த்தி, வீரர்களுக்கு ஹிப்னாடிசம் செய்யச் சொன்னார்கள். நாம் ஜெயிக்கப் பிறந்தவர்கள் என்று நம்பவைப்பதுதான் வைத்தியம். 96 தோல்வி.

1951 ஜூலையில் டீமை வாங்கினார் பில் வெக். யுத்தத்தில் அடிபட்டு ஒரு கால் போய், மரக்கால் வைத்துக்கொண்டு, அதில் சிகரெட் சாம்பல் தட்டக் குழி தோண்டிவைத்திருந்த மனிதர். சட்டைப் பித்தானைப் போட மாட்டார், டை கட்ட மாட்டார். கேலரியில் ரசிகர்களோடு உட்கார்ந்து பீர் குடிப்பார். மைதானத்திலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டு குடிவந்தார். இந்த ஊரில் இரண்டு டீமுக்கு இடமில்லை, ஒருவர் போக வேண்டும். போவது கார்டினல்ஸ் என்பது அவர் திட்டம். வந்ததும் வராததுமாக ஒரு நாள் ஆட்டத்தில் அத்தனை பேருக்கும் பானம் இலவசம் என்றார். தண்ணீர் தெளித்துவிட்ட கோழி சிலிர்த்துக்கொண்டு எழுவதுபோல் ரசிகர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, டெட்ராய்ட்டுடன் இரண்டு ஆட்டம். 18,369 பேர் வந்திருந்தார்கள். முதல் ஆட்டம் வழக்கம்போல் தோல்வி. இடைவேளையில் லீகின் ஐம்பதாவது பிறந்தநாள் என்று ஒரு பெரிய காகித கேக்கை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அதிலிருந்து எட்டிக் குதித்தார் எடி கெய்டல். உயரம் 3 அடி 7 அங்குலம். முதுகில் அவர் நம்பர்: 1/8. சனம் கைதட்டிவிட்டு வேடிக்கை முடிந்தது என்று நினைத்தது. இரண்டாவது ஆட்டத்தில் பிரவுன்ஸின் முதல் பேட்ஸ்மேன் முறை வந்தபோது, மூன்று குட்டி மட்டைகளைச் சுழற்றிக்கொண்டு அதே கெய்டல் நடந்து வந்தார். அம்பயர் எட் ஹர்லி பிரவுன்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் ஸாக் டெய்லர் பையிலிருந்து முறைப்படி போட்ட ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். அம்பயர் என்ன செய்வார்? ஆடு என்றார். பந்து பிடிப்பவர் முழங்காலில் மண்டியிட்டார். வீசுபவர் பாப் கெய்ன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீசினார். அன்றைய விதிப்படி அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் பந்து போக வேண்டும். கெய்டல் குனிந்து நின்றால் அந்த இடைவெளி ஒன்றரை அங்குலம் என்பது வெக்கின் அளவு. நாலு பந்தும் தலைக்கு மேல். விதிப்படி இலவசமாக முதல் பேஸுக்கு நடை. போகிற வழியில் தொப்பியைக் கழற்றி இரண்டு முறை கும்பிடு வேறு. ஒரு பந்தையாவது அடித்துப் பார்க்க அவருக்கு ஆசையாம். மட்டையை ஆட்டினால் கூரையில் துப்பாக்கியோடு ஆள் வைத்திருக்கிறேன் என்று வெக் முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார். மறுநாள் லீக் தலைவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். பிரவுன்ஸ் அந்த ஆட்டத்திலும் தோற்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பத்து வருஷம் கழித்து கெய்டல் இறந்தபோது, பேஸ்பால் உலகத்திலிருந்து அடக்கத்துக்குப் போனவர் பாப் கெய்ன். நாலு பந்து வீசிய பழக்கம், அவ்வளவுதான். ஊருக்கு இது வேடிக்கைக் கதை. எனக்கு அந்தக் கடைசி வரிக்கு மேல் சிரிப்பு வருவதில்லை.

எனக்குப் பிடித்த கூத்து அதற்கு ஐந்து நாள் கழித்து நடந்தது. தோற்கிற டீமின் ரசிகன் ஒவ்வொருவனும் ஒரு மேனேஜர்தான்: நான் இருந்தால் இப்படியா ஆடவிடுவேன்! வெக் சொன்னார், சரி, வா, நீயே நடத்து. யார் ஆட வேண்டும் என்று பேப்பரில் ஓட்டெடுப்பு. ஆயிரம் பேருக்கு மேல் கையில் ‘ஆம்’, ‘இல்லை’ அட்டையோடு கேலரியில் உட்கார்ந்தார்கள். பந்துவீச்சாளரை மாற்றலாமா என்று பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள். சனம் அட்டையைத் தூக்கும். எண்ணிப் பார்த்து முடிவு. சம்பளம் வாங்கும் மேனேஜர் டெய்லர், செருப்பு மாட்டிக்கொண்டு, வாயில் பைப்போடு, ஓரமாக ஒரு ஆடும் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எதிர் டீம் பிலடெல்ஃபியா. அந்த டீமை ஐம்பது வருஷம் நடத்திய கிழவர் கானி மாக் கூட ஆசைப்பட்டு ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரவுன்ஸ் ஐந்துக்கு மூன்று என்று ஜெயித்தது.

இதைவிட ஒரு நிர்வாகத்தைக் கேவலப்படுத்த முடியுமா? அரை நூற்றாண்டாக பீரைக் குடித்துவிட்டுக் கத்தியவன் சொன்னதுதான் சரி. வெக் அதோடு அந்த விளையாட்டை மூட்டை கட்டிவிட்டார். அந்த சீசன் 102 தோல்வி. ஜெயித்த 52-ல் 20 ஒரே பந்துவீச்சாளருடையது, நெட் கார்வர். ரசிகர்கள் எங்களைக் கூச்சல் போட்டுத் திட்டவே மாட்டார்கள், எண்ணிக்கையில் நாங்கள்தானே அதிகம் என்று பிற்காலத்தில் சொன்ன புண்ணியவான் அவர்தான்.

இருந்தும் வெக் ஜெயித்திருப்பார். கார்டினல்ஸ் முதலாளி ஃபிரெட் சே வருமான வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டி, ஜெயிலுக்குப் போக வேண்டியதாகி, டீமை விற்பனைக்கு வைத்தார். வேறு ஊர்க்காரன் வாங்கிக்கொண்டு போனால் ஊர் பிரவுன்ஸுக்கு. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. 1953 பிப்ரவரியில் அந்தக் கதவைச் சாத்தியவர்கள் உள்ளூர் பீர் கம்பெனிக்காரர்கள், அன்ஹைசர் புஷ். 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கார்டினல்ஸை வாங்கினார்கள். ஆறாகப் பீர் ஓடும் கம்பெனியோடு, கடன் வாங்கி டீம் நடத்தும் மரக்கால் மனிதர் எப்படி மல்லுக்கட்டுவார்? பால்டிமோருக்குப் போகிறேன் என்று விண்ணப்பித்தார். இவருடைய கோமாளித்தனத்தில் கடுப்பாகியிருந்த மற்ற முதலாளிகள் முடியாது என்றார்கள். கையில் காசில்லாமல், ஏப்ரலில் மைதானத்தையே எட்டு லட்சம் டாலருக்கு பீர்க்காரர்களிடம் விற்றார். ஆக, வீட்டுக்காரர் குடித்தனக்காரர் ஆனார்; குடித்தனக்காரர் வீட்டுக்காரர் ஆனார்.

ஓடப் பார்த்தவர் என்று தெரிந்த பிறகு, அதுவரை கொஞ்சிய ரசிகர்களே வெக்கின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஐம்பது வருஷத் தோல்வியைப் பொறுத்தவர்கள் அவர்கள். அது தங்கள் வீட்டுத் தோல்வி. அதைச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குத் தூக்கிப்போக இவன் யார்?

அந்தக் கடைசி சீசனில்கூட பிரவுன்ஸ் தன் குணத்தை விடவில்லை. மே 6-ம் தேதி போபோ ஹாலமன் என்ற புதியவர், முதன்முதலாக ஆட்டத்தைத் தொடங்கி வீசிய அன்றே, எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முடித்தார். நவீன காலத்தில் அதுவரை எவரும் செய்யாத சாதனை. பார்த்தவர்கள் 2,473 பேர். அன்று மழை வேறு. அவர் பெரிய லீகில் முழுசாக வீசி முடித்த ஒரே ஆட்டமும் அதுதான்; ஆகஸ்ட் பிறப்பதற்குள் ஆளே இல்லை. ஜூனில் தொடர்ந்து 14 தோல்வி. பதினைந்தாவது, தொடர்ந்து 18 ஜெயித்து வந்த யாங்கீஸோடு. ஊரே கண்ணை மூடிக்கொண்டது. பிரவுன்ஸ் ஜெயித்துவிட்டது.

செப்டம்பர் 27, கடைசி ஆட்டம், 3,174 பேர். எதிரி சிகாகோ. பதினோரு இன்னிங்ஸ் இழுத்தது. கூடுதல் ஆட்டத்துக்கென்று புதுப் பந்து வாங்கிவைக்க யாருக்குத் தோன்றும்? பந்து தீர்ந்துபோய், சிராய்ப்பு விழுந்த பழைய பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்து ஆடவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று, தோல்வி. அந்த சீசனின் நூறாவது. இரண்டே நாளில், வெக் தன் பங்கை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார் என்றதும், பால்டிமோருக்குப் போக மற்ற முதலாளிகள் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார்கள்.

1953-ல் செயின்ட் லூயிஸில் பிரவுன்ஸ்: 54 வெற்றி, 100 தோல்வி, பார்த்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. 1954-ல் பால்டிமோரில், ஓரியோல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே டீம்: 54 வெற்றி, 100 தோல்வி. பார்த்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

கெய்டல் போட்டிருந்த அந்த 1/8 சட்டை யாருடையது என்று கேட்க மறந்துவிட்டீர்கள். அவர் உயரத்துக்குச் சீருடை கிடைக்காமல், வெக்குக்கு முன் டீமை வைத்திருந்த பில் டிவிட்டின் பையனுடைய சின்னச் சட்டையை இரவல் வாங்கி, நம்பரைத் தைத்துக் கொடுத்தார்கள். பையனுக்கு அப்போது பத்து வயசுகூட நிரம்பவில்லை. பிரவுன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த மைதானத்தைச் சுற்றிவந்த வீட்டுக்காரர் மகன். வளர்ந்து ஆளாகி, பணம் சம்பாதித்து, 1996-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பேஸ்பால் டீமை வாங்கினார்.

கார்டினல்ஸ்.